பத்தொன்பது பேரின் பதில்

சவரிராயனின் நெஞ்சை நோக்கிப் பொறியின் அறுவைக்கரம் கத்தியோடு இறங்கிக்கொண்டிருந்தது. மயக்கமருந்து ஏறி அவர் அசையாமல் கிடந்தார். பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்த டாக்டர் தமயந்தி சிவப்புக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கத்தி தோலுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

"யாரைக் கேட்டு ஆரம்பிச்ச?"

"நோயாளியே சொன்னார்" என்றது கேட்பி. மருத்துவமனையில் பேசுவதையெல்லாம் கேட்டுப் பதிந்து, பதிந்தபடியே நடத்திவைக்கும் பொறி அது.

சவரிராயனின் நுரையீரலில் இருப்பது மிக அபூர்வமான கட்டி. தமயந்தி இதற்குமுன் பத்தொன்பது பேரிடம்தான் பார்த்திருக்கிறார். நுரையீரலோடு நின்றிருந்தால் அறுக்கலாம். முதுகின் தண்டுநீருக்குப் பரவியிருந்தால் கத்தியே எமன், மருந்துதான் வழி. அதை அறியத்தான் காலையில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஊசி வழக்கம்போலக் கசிந்தது. நீர் போதாமல், அதைச் சோதிக்கும் கருவியான துளிமானி 'ஐயம்' என்று கைவிரித்துவிட்டது. மறுபடி ஊசி போடத்தான் தமயந்தி பக்கத்து அறையில் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

அளவில் ஐயம் வந்தால் மனிதரின் வாய்ச்சொல்லே தீர்ப்பு என்பது சட்டம். பொறியை நம்பி மோசம் போகக்கூடாதென்று டாக்டர்களே போராடி வாங்கியது. முதல் கையெழுத்து தமயந்தியுடையது.

"அவர் சொன்னதைப் போடு."

முதலில் தமயந்தியின் குரலே கேட்டது. "ஊசி போட்ட எடத்துல கசிஞ்சிருக்கு. தலை வலிக்குதாய்யா?"

"பரவால்ல டாக்டரம்மா."

திரையில் அதற்குக் கீழே கேட்பியின் பதிவு: 'பரவல. நோய் பரவவில்லை.'

தமயந்திக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தலையே பிளந்தாலும் டாக்டரிடம் பரவாயில்லை என்பதுதானே நம் ஆட்களின் மரியாதை!

"மூதேவி, அது 'பரவாயில்லை'! வலிக்குது, தாங்கிக்கிறேன்னு அர்த்தம்."

"திருத்திக்கொண்டேன். பழைய பதிவுகளையும் திருத்தவா?"

தமயந்தி பழைய பதிவுகளைத் திரையில் திறந்தார். அந்தப் பத்தொன்பது பேருக்கும் ஊசி கசிந்தது. எல்லோருக்கும் ஐயம்தான் வந்தது. எல்லோருக்கும் கேட்பி 'பரவவில்லை' என்றே பதிந்தது. 'இக்கட்டி தண்டுநீருக்குப் பரவாது' என்று அவர் உலகுக்குச் சொன்ன கண்டுபிடிப்பு அந்தப் பதிவுகளிலிருந்து வந்ததுதான். அறுவைக்குப் பின் பதினான்கு பேர் இறந்தபோது, உடம்பு தாங்கவில்லை என்று எழுதிவைத்தார்.

"அவங்க சொன்னதையும் போடு" என்றார்.

"பரவால்லம்மா." "பரவால்ல டாக்டர்." அழுகையை அடக்கிய ஒரு கல்லூரிப் பெண்: "பரவால்ல மேடம்." பத்தொன்பதையும் அவர் நின்றபடியே கேட்டார்.

கதவைத் திறந்து சவரிராயனின் மனைவி சந்தனமேரி எட்டிப்பார்த்தார். "அவருக்குப் பரவிருச்சா டாக்டரம்மா?"

"தெரியலம்மா. என்மேலதான் தப்பு. மறுபடி ஊசி போடணும்."

சந்தனமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பரவால்ல டாக்டரம்மா. ஒங்கள நம்பித்தான வந்திருக்கோம்."

இம்முறை கேட்பி பிழையில்லாமல் பதிந்தது: 'வலிக்கிறது. தாங்கிக்கொள்கிறார்.'