உலர் எடை

எழுபது டிகிரி சூட்டில் இரண்டு நாள் கிடந்த நெற்பயிர் ஈரமாக இருந்தது.

ரெமிஜியஸ் உலர்த்தும் மின் அடுப்பிலிருந்து காகித உறையை வெளியே எடுத்துத் தொட்டுப் பார்த்தான். அடிப்பக்கம் ஊறியிருந்தது. அதே தட்டில் கிடந்த அவனுடைய உறைகளுக்குள் வைக்கோல் சலசலத்தது. இதற்குள் மட்டும் சற்றுமுன் அறுத்ததுபோல் பச்சை, சேற்று வாசனை. மேலே சக ஆய்வாளர் ஹம்சத்வனியின் குண்டுக் கையெழுத்து. தராசில் வைத்தான். உள்ளே போனபோது இருந்ததைவிட நாற்பது கிராம் கூடியிருந்தது.

நாற்பது என்ற எண்ணைப் பார்த்ததும் அவனுக்குப் பகீரென்றது.

பகல் பதினோரு மணிக்கே ஆய்வுக்கூடத்தில் டியூப்லைட் எரிந்தது. ஒன்பது நாளாகத் தஞ்சாவூருக்கு மேல் ஐப்பசி மழை மூட்டம். படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்கு மேகம்தான் தெரியும். ரேடார் செயற்கைக்கோள் மட்டும் மேகத்தைத் துளைத்து, பயிரில் இருக்கும் நீருக்கு ஏற்ற எதிரொலியை வாங்கிக்கொண்டு போகும். அந்த எதிரொலி எவ்வளவு வரும் என்று இங்கே கணினியில் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். அதற்காகத்தான் பயிரை அறுத்துப் பச்சையாக ஒரு தரம், அடுப்பில் உலர்த்தி ஒரு தரம் எடை போடுவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நீர். யாருடைய கணக்கு செயற்கைக்கோளோடு ஒத்துப்போகிறதோ அவருக்கு நெதர்லாந்தில் மூன்று வருட ஆராய்ச்சி. ஒரே ஓர் இடம்.

ரெமிஜியஸ் பதினோரு வருடமாகச் சேற்றில் இறங்குகிறவன். ஹம்சத்வனி வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

"பாஸ்போர்ட் விஷயமா திருச்சி போறேன் சார். நாலு நாள் அத்தை வீட்ல இருப்பேன். என் சாம்பிளையும் நீங்களே எடை போட்டுடுங்களேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். முடிவு வருவதற்குள் பாஸ்போர்ட்டாம்! பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பான். பொறாமைதான். அன்றே பதிவேட்டில் அவள் பயிரின் பச்சை எடையில் நாற்பது கிராம் குறைத்து எழுதினான். அடுத்த உறைக்கு எண்பது. நீர் குறைந்தால் அவள் கணக்கு தப்பும்.

இப்போது அந்த இரண்டாவது உறையையும் தராசில் வைத்தான். எண்பது கூடியிருந்தது.

தாகமெடுத்தது. பானையிலிருந்து ஐந்து டம்ளர் குடித்தும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியே கிடந்தது. பக்கம் புரட்ட விரலை வாயில் வைத்தான், எச்சில் ஊறவில்லை. அடுப்பு ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது.

திருப்பந்துருத்தியில் ஹம்சத்வனியின் வயலில் பயிர் அறுக்கும் காத்தாயி, புதுக் கட்டோடு உள்ளே வந்தாள்.

"அந்தப் பொண்ணு வயல் கருகருன்னு நிக்கிது சார், கண்ணு பட்டுடும்போல" என்றவள் அவனைப் பார்த்ததும் நின்றாள். "என்ன சார், மேலெல்லாம் இப்படி வத்திக் கெடக்கு? ஆஸ்பத்திரிக்குப் போங்க சார்."

"ஒண்ணுமில்ல. வச்சிட்டுப் போம்மா."

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். புதுக் கட்டை எடை போட்டான். ஆயிரத்து இருநூறு. பதிவேட்டில் எண்ணூறு என்று எழுதி, கட்டை உறையில் திணித்து அடுப்புக்குள் வைத்தான்.

பென்சிலைக் கீழே வைப்பதற்குள் உதடு காய்ந்து வெடித்தது. அடுப்புக்குள் காகிதம் கிழிகிற சத்தம்.

திறந்தான். அனல் முகத்தில் அடித்தது. உறை கிழிந்து பயிர் எழுந்து நின்றது. வெட்டும்போது கதிரே வைக்காத பயிர். இப்போது தட்டு முழுக்கக் கதிர். பால் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிற பழக்கத்தில் கை தானாகப் போய் ஒரு மணியை நசுக்கியது. வெள்ளையாக வரவேண்டும். சிவப்பாக வந்தது. வெதுவெதுப்பாக விரல் வழியே இறங்கியது.

தன் விரலைப் பார்த்தான். அடுப்பின் விளிம்பில் பட்டு அது பிளந்திருந்தது. ரத்தம் இல்லை. வெறும் நார்.

புரிந்துவிட்டது. அவள் பயிரில் குறைத்து எழுதியதெல்லாம் அவன் உடம்பிலிருந்து போகிறது. அழித்து, உண்மை எடையை எழுதினால் போதும்.

ரப்பரை எடுத்தான். எண்ணூறின் மேல் வைத்தான். அழித்தால் அவள் போவாள். விமானத்தில் ஜன்னல் ஓரம். அந்த ஊர் குளிர். அவள் பெயர் அச்சாகி வரும். இவன் இங்கே சேற்றில். இன்னும் பதினோரு வருடம்.

தேய்த்து அழித்தான். அந்த இடத்தில் எழுதினான்.

பூஜ்யம்.

கால்கள் மடங்கின. அடுப்பின் முன்னால் விழுந்தான். சத்தம் பெரிதாக வரவில்லை, உடம்பில் கனம் இல்லை. கத்தப் பார்த்தான். காற்று மட்டும். கண்ணை மூடப் பார்த்தான்.

இமை இறங்கவில்லை. காய்ந்த கண்களுக்கு நேர் எதிரே, அவளுடைய பயிரில் ஒவ்வொரு மணியாகச் சிவந்து, பருத்து, கனம் தாங்காமல் அவனை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது.