கோதுமை நிறக் கை

சினப்பொழுது முடிந்ததற்கான சங்கு ஊதியதும், சுடர்க்கொடி வாசலில் கிடந்த தன் கணவனின் வலது கையை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். போடுவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றிக்கொள்ள மறக்கவில்லை.

எதிர்வீட்டு இன்பராஜ் கோடரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய இடது தோள் பிளந்து தொங்கியது.

"நாளைக்காவது வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்க அக்கா."

"நீ மட்டும் எங்க வாசல்ல நிறுத்தலையா? போய்த் தோளை ஒட்டிக்கோப்பா. நடைபாதையெல்லாம் ரத்தம்."

டைட்டன் நிலவின் பனிக்கு அடியில், சுரங்கத் தெருக்களாக விரிந்திருந்த புதுப் பல்லாவரத்தில் இது வழக்கமான மாலைதான். நெருக்கடியில் வாழ்ந்த மக்கள் கோபத்தை அடக்கி அடக்கி, ஒரு நாள் காற்றடைப்புக் கதவையே உடைத்துவிட்டார்கள். ஒரு தெரு முழுக்க மூச்சுத் திணறிச் செத்தது. அதன் பிறகுதான் நிர்வாகம் சினப்பொழுதை அறிவித்தது. மாலைச் சங்கு ஊதி, அது மறுபடி ஊதும்வரை யாரும் யாரையும் வெட்டலாம். கழுத்துக்கு மேலே மட்டும் கூடாது.

வெட்டுப்பட்டதை வீட்டிலேயே அச்சடித்துக்கொள்ளலாம். ஒருவரின் எலும்பும் நரம்பும் எப்படி ஓடுகின்றன என்பது வீட்டு மடிக்கணினியில் உடற்கோப்பாக இருக்கும். மடிக்கணினி அதைப் படித்துச் சொல்லச் சொல்ல, உறுப்பச்சுப்பொறி தசையால் ஆன மையை அடுக்கடுக்காகப் பூசிக்கொண்டே வரும். சோறு வேகும் நேரத்துக்குள் புதுக் கை தயாராகிவிடும்.

ஆனால் அன்று பரிதி முழங்கைக்கு மேல் துண்டான கையோடு போய் நின்றபோது, அவர்களுடைய பழைய அச்சுப்பொறி இருமுவதுபோல ஒரு சத்தம் போட்டுப் புகைந்து அடங்கிவிட்டது.

"அடுத்த வாரம் எனக்குப் பற்றுச் சோதனை, சுடர்," என்றான் அவன். முகம் வெளிறியிருந்தது.

கணவனும் மனைவியும் பனிச் சுரங்கத்தில் நெம்புகோல் பிடிப்பவர்கள். இரண்டு கையாலும் இறுகப் பற்ற முடியாதவருக்கு அங்கே வேலை இல்லை. ஒருவராவது வேலைக்குப் போகாத வீட்டுக்குக் காற்றுக் குழாயை மூடிவிடுவார்கள்.

மறுநாள் காலை இருவரும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்கள். சுடர்க்கொடி கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"இதோட ஒத்துப்போற பிரிண்டர் எது?"

விற்பனைப் பையன் சாம்பல் நிறப் பொறி ஒன்றை இணைத்துச் சோதனை அச்சு எடுத்தான். பரிதியின் ஆள்காட்டி விரல் வந்தது. கருத்த, கணுக்கள் தடித்த, அவனுடைய விரல். துண்டான கையின் நுனியில் வைத்ததும் அது சட்டென்று மடங்கிச் சுடர்க்கொடியின் விரலைப் பற்றிக்கொண்டது. அவள் சிரித்துவிட்டாள்.

"இதையே கட்டுங்க தம்பி."

"இருங்க மேடம், புது மாடல் ஒண்ணு வந்திருக்கு, யார் கையையும் அழகாக்கிக் கொடுக்கும்," என்று பையன் வெள்ளைப் பொறி ஒன்றின் உறையை விலக்கினான். அதிலிருந்தும் ஒரு விரல் வந்தது. மெலிந்து நீண்ட, கோதுமை நிற விரல். வைத்த இடத்தில் அழகாகக் கிடந்தது. மடங்கவில்லை.

"அசையலையே?"

"உங்க லேப்டாப் கொஞ்சம் பழசு மேடம். அப்டேட் வந்தா அசையும்."

"எப்ப வரும்?"

"வந்துக்கிட்டே இருக்கு."

சுடர்க்கொடி கணவனை இழுத்தாள். அவன் நகரவில்லை. பள்ளிக்கூடத்தில் அவனைக் கரிக்கட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தத் தாயும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"ஏங்க, கை பிடிக்கணுமா, பளபளன்னு இருக்கணுமா?"

"ரெண்டும்தான். அதான் அப்டேட் வருதுங்கறாரே!"

வெள்ளைப் பொறி வீட்டுக்கு வந்தது.

அன்றைய சினப்பொழுதில் இன்பராஜ் கோடரியோடு பாய்ந்து வந்தான். பரிதி புதுக் கையால் அரிவாளை எடுக்கப் போனான். அது வழுக்கிக் கீழே விழுந்தது. ஓங்கிய கோடரி அந்தக் கைக்கு மேலே வந்து அப்படியே நின்றது.

"யோவ்! என்னய்யா இது? இதை எப்படி வெட்ட மனசு வரும்?" என்ற இன்பராஜ், கோடரியைத் திருப்பி அவன் தொடையில் இறக்கினான். எலும்பு முறியும் சத்தம் தெரு முனைவரை கேட்டது. பரிதி அலறிக்கொண்டே சாய்ந்தான். சாயும்போதும் வலது கையில் ரத்தம் படாமல் உயர்த்திப் பிடித்திருந்தான்.

அப்டேட் வரவில்லை. தொடையில் கட்டோடு போன பற்றுச் சோதனையில் நெம்புகோல் அந்த விரல்களிலிருந்து நழுவி ஓட, அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இனி வீட்டுக்கு வரும் காற்று சுடர்க்கொடியின் இரண்டு கைகளால் மட்டுமே.

"கடையில மாத்திக்கலாங்க," என்று கெஞ்சினாள்.

"மாத்தினா பழைய கைதான் வரும்," என்று அவன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

பூமியில் நடக்கும் பரிதியின் தம்பி கல்யாணத்தில் பெரிய திரையில் காட்டுவதற்கென்று அவர்கள் தம்பதியாகப் படம் எடுத்து அனுப்பினார்கள். மாமியாரின் பதில், வெற்று வெளியைக் கடந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து வந்து சேர்ந்தது.

"ஐயோ, என் ராஜா கை! கண்ணு பட்டுடும்டா. சுடரை மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லு, பக்கத்துல இருந்தா அவ கறுப்பு எடுப்பா தெரியுது. ஏன்டா, வெயில்ல ரொம்ப அலையறாளா அவ?"

சுடர்க்கொடி பிறந்ததிலிருந்து வெயிலைப் பார்த்ததில்லை. ஆனாலும் விளக்கடியில் கணவனின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடினாள்.

அடுத்த மாலை சங்கு ஊதியதும், அவள் பலகை ஒன்றை எடுத்து வந்து வாசலில் போட்டாள். அதன்மேல் வலது கையை நீட்டி வைத்து, இன்பராஜின் மனைவி மங்கையைக் கூப்பிட்டாள்.

"வெட்டு மங்கை. முழங்கைக்கு மேல, நேரா வெட்டு."

கோடரியோடு வந்த மங்கை குழம்பிப்போனாள். "வண்டியைத்தான் தள்ளி நிறுத்திட்டீங்களே அக்கா. உங்க மேல எனக்கென்ன கோபம்?"

"கோபம் எதுக்கு? வெட்டு."

"உங்க கையாலதானே அக்கா வீட்டுக்குக் காத்தே வருது?"

"அப்டேட் வந்தா அசையும்," என்றாள் சுடர்க்கொடி.

மங்கை பரிதியின் கையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்புறம் எனக்கும் அந்த மிஷின்ல ஒரு கை போட்டுத் தருவீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டுக் கோடரியை ஓங்கினாள்.

சுடர்க்கொடி தன் வலது கை மோதிரத்தைக் கழற்றிக் கணவனிடம் நீட்டினாள். அவனுடைய கோதுமை நிற விரல்களில் நிற்காமல், அது நடைபாதையில் விழுந்து உருண்டு ஓடியது.