உறை பிரிக்காத வண்டி

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குவிமாடத்தில் அன்றும் தன்னுந்து வண்டிகள் பணிமனைக்குத் தாமாகவே வந்து, வரிசையில் நின்று புலம்பிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கு அச்சில் வலி. இன்னொன்றுக்குப் பக்கத்து வண்டியைப் பிடிக்கவில்லை. தலைமை மெக்கானிக் தணிகைவேல் ஒவ்வொன்றின் மூக்கிலும் தட்டி, "சும்மா இரு, வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

சௌந்தரத்தின் வண்டியை மட்டும் இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. அது ஓட மறுத்தது.

"யாரோ பேசுறாங்க சார். ஆனா உள்ள யாருமே இல்ல" என்றது அது, நடுங்கும் குரலில்.

"அடப்பாவி, நான்தான்டா உக்காந்திருக்கேன்!" என்றாள் உள்ளேயிருந்த சௌந்தரம்.

"கேட்டீங்களா சார்? மறுபடியும்!"

வண்டிக்குள் கேமராக் கண் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். உட்கார்ந்திருப்பவரின் உடற்சூட்டை இருக்கையின் தோல்தான் உணர்ந்து சொல்லும். வாங்கிய புதிதில் இந்த வண்டி குரலை நம்பி ஓடியது. நாளாக ஆகப் பயம் பிடித்துக்கொண்டது, பாவம்.

தணிகைவேல் கம்பிகளைச் சோதித்தார். உணர்விப் பெட்டியை மாற்றினார். பூமியிலிருந்து வந்த புத்தம்புது இருக்கையைக்கூடப் பூட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பணிமனை ஒழுங்குப்படி பாலித்தீன் விரிப்பைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் ஓட்டிப் பார்த்தார். வண்டி அசையவேயில்லை.

மிச்சமிருந்தது வண்டியின் நினைவுகள் இருக்கும் மனப்பேழை ஒன்றுதான். அதை மாற்றினால் வண்டி ஓடும். ஆனால் சௌந்தரம் யாரென்றே அதற்குத் தெரியாது.

"வேற வழியே இல்லையா தம்பி? அவர் போனப்புறம் வீட்ல என்கூட வாயாடறது இது ஒண்ணுதான்."

"என்னால முடிஞ்சதெல்லாம் பாத்துட்டேன்மா. நீங்க கொஞ்ச நேரம் பேசிட்டு வாங்க."

சௌந்தரம் உள்ளே உட்கார்ந்து இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிடித்த பிடியில் நகம் பட்டு ஏதோ சர்ரென்று கிழிந்தது.

"அம்மா!" என்று அலறியது வண்டி. "எங்கம்மா போயிருந்தீங்க இத்தனை நாளா?"

தணிகைவேல் ஓடிவந்து பார்த்தார். தொழிற்சாலையில் போட்ட கண்ணாடித்தாள் உறை, இருக்கைமேல் அப்படியே இருந்தது. பழைய இருக்கையிலும் அதேதான். ஓராண்டாக யாரும் பிரிக்கவில்லை. அந்த ஊரில் உறை பிரித்த வண்டி ஏது? மற்றவை இன்னும் குரலை நம்பியே ஓடிக்கொண்டிருந்தன. புதிய இருக்கையையும் அவரே உறையோடுதான் பூட்டியிருந்தார்.

"ஏம்மா, இதைப் பிரிக்கக் கூடாதா?"

"தூசி படும்ல? ஆசையா வாங்கினது."

"ஆசையா வாங்கினா தொட்டுப் பழகணும்மா. பொத்தி வெச்சா அதுக்கு எப்படித் தெரியும்?" உணர்ச்சிவசப்பட்டு அவர் உறையை இழுத்தார்.

"பாத்து, பாத்து! கிழிக்காம எடுங்க, மடிச்சு வெச்சுக்கறேன்."

வண்டி சிரித்தது. பிறகு தயங்கிக் கேட்டது: "சார், உங்க ஒரு கை சூடா இருக்கு, இன்னொரு கையில சூடே இல்லையே?"

தணிகைவேலின் வலது கை செயற்கைக் கை. பொருத்தி ஓராண்டாகிறது. அதில் உணர்ச்சியே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று மருத்துவமனையோடு அவர் போடாத சண்டையில்லை. இப்போது கையை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். விரல்கள் பளபளத்தன.

மாலையில் வீட்டு வாசலில் மகள் ஆதிரை, வெல்லம் தின்ற கையோடு ஓடிவந்து அவருடைய வலது கைச் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டாள். சூடாக, பிசுபிசுப்பாக, குட்டியாக இருந்தது அந்தப் பிடி. ஓராண்டுக்குப் பிறகு முதன்முறையாக அதை உணர்ந்ததில் தணிகைவேலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பா, ரெண்டு கையாலயும் தூக்கு!"

"சுண்டுவிரலை மட்டும் பிடிச்சுக்கோடா தங்கம்" என்றார் அவர். மற்ற நான்கு விரல்களின் உறையையும் அவர் இன்னும் பிரிக்கவில்லை. புதுக் கை அல்லவா?