மூன்றாம் பெட்டிக்கு வழி

பிளக்கைப் பிடுங்கி ஒன்பது நாளான மூன்றாம் பெட்டி, மத்தியானம் இரண்டு பத்துக்கு யாருக்கோ பதில் சொல்லியிருந்தது.

வசந்தகுமார் திரையில், கம்ப்யூட்டர் பதிவேட்டின் அந்த வரியை இரண்டு தரம் படித்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மூன்றாம் தரமும் படித்தான். வரி அப்படியேதான் இருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், உருக்காலைக் கரி ஜன்னல் கம்பியில் படிகிற வாடகை வீட்டின் பின்னறைதான் அவன் ‘கம்பெனி’. போர்டு மட்டும் வீட்டை விட அகலம். மூன்று கம்ப்யூட்டர் பெட்டிகள், மூன்று இணையதளங்கள். ஆனால் வெளியுலகத்துக்கு அந்த வீட்டின் இணைய முகவரி ஒன்றே ஒன்று. அதனால் வாசலில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரை வாட்ச்மேனாக உட்கார வைத்திருந்தான். வருகிறவர் எந்தத் தளத்தின் பேரைச் சொல்லிக் கேட்கிறார் என்று பார்த்து, எடைமேடையா, முதல் பெட்டிக்குப் போ, லாரி புக்கிங்கா, இரண்டாவதுக்குப் போ என்று அது கை காட்டும். மூன்றாவது வரதனுடையது. வரதன் கூட்டாளி. ஆடி மாசக் கூட்டத்துக்காகப் பெரியபாளையம் பஸ் நேரமெல்லாம் அதில் ஏற்றிக்கொண்டிருந்தான். அந்தப் பெட்டியைத் தொட்டு ஷாக் அடித்துச் செத்தவனைப் புதைத்துவிட்டு வந்த மறுநாளே வசந்தகுமார் வாட்ச்மேனின் பட்டியலிலிருந்து அந்தப் பேரை அழித்திருந்தான்.

செல்போன் அலறியது. எடைமேடை சின்னராசு.

“இன்னா வசந்து, என் பக்கத்தத் தொறந்தா வேற இன்னமோ வருது?”

“இன்னாண்ணே வருது?”

“ஒரே எழுத்துப்பா. ‘வா’ன்னு. எவனக் கூப்புட்டுக்கினு கீற நீ?”

வசந்தகுமார் போனை வைத்தான். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவன் சொல்லாமல் கிளம்ப வேண்டும். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பெரியபாளையத்தில் அன்றைக்கு, வரதனின் அம்மா குப்பம்மாளிடம், “நான் சொல்லிக்கினேதான் இருந்தேம்மா, ஈரக்கையோட தொடாதடான்னு, அவன் கேக்கல” என்று அளந்துவிட்டு, பழக்கதோஷத்தில் கூடவே சொன்னான்: “வரேம்மா.” அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சொல்லிவிட்டான். யாரோ கேட்டிருக்கிறார்கள்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. 2008-ல் அதுவொன்றுதான் நேரத்துக்கு நடந்தது. அவன் பெருமையோடு வாங்கிய யுபிஎஸ் நாலு நிமிஷம் கத்திவிட்டு வாயை மூடியது. வாட்ச்மேன் அணைந்தது, முதல் பெட்டி அணைந்தது, இரண்டாவது அணைந்தது, தலைக்கு மேல் மின்விசிறி முனகி முனகி நின்றது, இரும்பு காய்ந்த வாடையும் சூடும் ஜன்னல் வழியாக மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்தன.

ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை.

மூன்றாம் பெட்டியின் குட்டி விசிறி.

அதன் பிளக் தரையில் கிடந்தது. இரண்டே முள். எர்த்துக்கான பெரிய முள்ளைக் கட்டிங் பிளேயரால் முறித்தவன் வசந்தகுமார்தான். சுவரில் இரண்டு ஓட்டைதான் இருந்தது, அவனுக்கு அவசரம். வரதனிடம் ஒரு வார்த்தை சொன்னான். அந்த வார்த்தை இப்போது மூன்றாம் பெட்டியின் திரையில், வெள்ளை எழுத்தில், ஒளிர்ந்துகொண்டிருந்தது.

‘எர்த்து போட்டாச்சுடா, தைரியமா தொடு.’

அறையில் அன்றைக்கு இருந்தது இரண்டு பேர். ஒருவனைப் புதைத்தாகிவிட்டது.

நாலு மணிக்குக் கரண்ட் வந்துவிடும். வந்ததும், எந்தப் பேரைச் சொல்லிக் கேட்டாலும், வாட்ச்மேன் இங்கேதான் கை காட்டும். சின்னராசு படிப்பார். ஊரே படிக்கும். குப்பம்மாளுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள்.

அணைக்க வேண்டும்.

“பொறங்கையால தொடுடா. ஷாக் அடிச்சாலும் கை தானா வந்துடும்.” வரதன் சொல்லிக்கொடுத்தது. அன்றைக்கு மட்டும் அவன் உள்ளங்கையால் தொட்டான். நம்பினான்.

வசந்தகுமார் புறங்கையை நீட்டினான்.

இரும்பு சில்லென்றிருந்தது. இந்த வெயிலில்.

ஷாக் இல்லை. சிரிப்புகூட வந்தது.

கையை இழுத்தான்.

வரவில்லை.

இழுத்தான்.

குனிந்து பார்த்தான். அவன் உள்ளங்கையில், விரலிடுக்குக்கு ஒரு விரலாக, கோத்துக்கொண்டு, ஈரமாக, ஐந்து விரல்கள்.