ஓடுபாதையில் காய்ந்த மிளகாய்

புதன்கிழமை விமானம் வராதே...!

மாயக்காள் காலால் மிளகாயைக் கிளறிக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். வடக்கே, வெள்ளை வெயிலுக்குள்ளிருந்து ஒரு இரைச்சல். முதலில் வண்டு மாதிரி... பிறகு மாவரைக்கும் மிஷின் மாதிரி... பிறகு அவள் நெஞ்சுக்குள்ளேயே ஓடுகிற மாதிரி.

சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன சிமெண்டு ஓடுபாதை அது. மதுரைக்குத் தெற்கே எத்தனை ஊர் தேடினாலும் அப்படி ஒரு களம் கிடைக்காது. மண் ஒட்டாது, கல் ஒட்டாது, மூன்றே வெயிலில் மிளகாய் சலங்கை போலக் குலுங்கும். காவல்காரர் அழகுமலை அவளுக்குச் சித்தப்பா முறை.

"செவ்வாயும் சனியும் மட்டும் இந்தப் பக்கம் தலையக் காட்டாத புள்ள. மத்த நாளெல்லாம் இது உன் களந்தான்" என்று அவர் சொல்லியிருந்தார்.

அந்தச் சித்தப்பா இப்போது விளக்குமாறும் கையுமாக ஓடி வந்தார். "அள்ளு! அள்ளு! குடி கெட்டுச்சு!"

விமானம் இறங்க வந்து, தரையில் பரந்து கிடந்த சிவப்பைக் கண்டு, மூக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறியது. ஒரு வட்டம்... இரண்டு வட்டம்... மூன்று. கீழே இரண்டு பேரும் முறத்தாலும் கையாலும் தள்ளி ஒதுக்கினார்கள். கடைசியில் அது இறங்கியபோது வீசிய காற்றில் மிச்ச மிளகாயெல்லாம் எழும்பிப் பறந்தது. அந்தச் செந்தூளுக்குள் மாயக்காள் அள்ளுவதை மறந்து நின்றாள். அம்மாடி... இத்தனை பெரிய உடம்பு... இது எப்படி ஆகாயத்தில் மிதந்தது? சக்கரமே அவள் இடுப்பு உயரம் இருந்ததே!

கதவு திறந்தது. இறங்கி வருகிறவன் வெள்ளைக்காரனாக இருப்பான் என்று நினைத்து, "தொரை, மன்னிச்சிருங்க" என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வந்தவன் கருப்பு. நல்ல உயரம். கண்ணாடியைக் கழற்றினான். நெடுந்தூரம் பார்த்தே பழகிய கண்கள்... பக்கத்தில் இருப்பதைப் பார்க்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டன.

"யாரு புள்ள அது? ஏரோப்ளேன் எறங்குற எடத்துல மொளகா வத்தல் காயப் போட்டவ?"

அவள் திகைத்துப் போனாள். எழுமலைப் பேச்சு! வானத்திலிருந்து இறங்கியவன் வாயில் தன் தாய்மாமன் ஊர்ப் பேச்சு! பயம் பாதி போய்விட்டது.

"நாந்தேன்... இன்னைக்குப் பொதன்கெழமை. நீங்க நேத்தே வந்துட்டுப் போயிருக்கணும்."

"இனிமே வாரத்துக்கு ஒரே நடை. பொதன் மட்டும். ஏற ஆளு இல்லாமக் கம்பெனி கொறைச்சிருச்சு."

"அதை எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

"ஏன், உனக்குத் தனியாத் தந்தி அடிக்கணுமா?"

சிரிப்பை உதட்டில் மடித்துக்கொண்டு அவன் போய்விட்டான். அவனுக்குப் பின்னால் இறங்கியவர்கள் நாலே பேர். அத்தனை பெரிய விமானத்துக்கு நாலு பேர்...

"பேரு நல்லகாமனாம். பட்டாளத்துல ஓட்டப் படிச்சவராம். கேப்டன்னுதான் கூப்பிடணுமாம்" என்றார் அழகுமலை.

இருபது வயதுவரை மாயக்காள் வானத்தை மழைக்காக மட்டுமே பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து வேறொன்றுக்காகவும் பார்த்தாள்.

அடுத்த மூன்று புதன்களும் அவள் வேலிக்கு வெளியே, தங்கள் கரிசல் காட்டு ஓரத்தில்தான் மிளகாயைப் பரப்பினாள். ஓடுபாதை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. அப்படியும் விமானம் வந்ததும் இறங்கவில்லை. அவள் தலைக்கு மேலே ஒரு முழு வட்டம் போட்டது. பிறகுதான் இறங்கியது.

'இன்னும் கோபம்... மிளகாய் கிடக்கிறதா என்று சோதிக்கிறான்' என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது புதன் அவன் வேலியருகே வந்தான். "இன்னைக்கு எங்களுக்கு வழி விட்டாச்சா?"

"விட்டாச்சு. பாத்துப் போங்க... ஆகாசத்துல யாராச்சும் வத்தல் காயப் போட்டுருக்கப் போறாக!"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் அடுத்த புதன்வரை வைத்துக் காப்பாற்றினாள்.

அடுத்த புதன் விமானம் வந்தது. வட்டம் போடவில்லை. நேரே இறங்கியது. இறங்கியவன் வேறொருவன்.

"அவரு வர மாட்டாரு புள்ள. சம்பளமில்லாத லீவுல அனுப்பிட்டாகளாம். எதுக்குன்னு எவனுக்குத் தெரியும்? அன்னைக்கு மூணு சுத்து சுத்திப் பெட்ரோலக் கரைச்சாருல்ல... அதுவாவும் இருக்கும்" என்றார் அழகுமலை.

என்னால்... என் மிளகாயால்! ஆகாயத்தில் இருந்தவனைத் தரையில் இறக்கிவிட்டேனே... அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய். விமானம் இல்லாத நாள் என்பதால் ஓடுபாதையில் மிளகாய் கிடந்தது. பிற்பகல் நாகமலைப் பக்கம் திடீரென்று கருத்தது. சித்திரை மழை... சொல்லாமல் கொள்ளாமல் வருகிற மழை! முதல் துளி காசு அளவுக்கு விழுந்தது.

அவள் அள்ளத் தொடங்கியபோது எதிர்ப்பக்கம் இன்னொரு ஜோடிக் கைகள் அள்ளின. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துண்டை விரித்துப் போட்டு வாரி வாரிக் கொட்டினான் ஒருவன். நிமிர்ந்து பார்த்தாள்.

நல்லகாமன்!

"என்னைய அப்புறமாப் பாக்கலாம். மொளகாயப் பாரு!"

கடைசி மூட்டையைக் கட்டிவிட்டு நெற்றித் தண்ணீரை வழித்தவன், அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்தான்.

"ஆத்தாடி... கண்ணு போச்சு!"

வானத்தை ஆண்டவன் கன்றுக்குட்டி மாதிரி குதித்தான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பதற்றமும் வந்தது.

"கசக்காதீக! மேல பாருங்க... கண்ணைத் தொறந்து மழையப் பாருங்க!"

அவன் பார்த்தான். ஓடுபாதையின் நடுவில் நின்று, முகத்தை ஏந்தி, இரண்டு கண்களையும் அகலத் திறந்து... மழை நேராக அந்தக் கண்களுக்குள் விழுந்தது. எத்தனை மேகத்தைப் பார்த்த கண்களோ அவை! வானம் அவனைத் தேடிக்கொண்டு இறங்கி வந்துவிட்டது போலிருந்தது.

காவல்காரர் கொட்டகையில் ஒதுங்கினார்கள். அழகுமலை மூட்டைகளை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என் மொளகாயாலதான உங்க வேலை போச்சு? பட்டணத்துக்கு வந்து உங்க கம்பெனிக்காரக கால்ல வேணும்னாலும் விழுகுறேன்..."

அவன் சிவந்த கண்ணோடு அவளைப் பார்த்தான். "இதையா நெனச்சுக்கிட்டு இருந்த? கிறுக்கச்சி... மொளகாய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சண்டை முடிஞ்சதும் ஆளாளுக்கு ஏரோப்ளேன் கம்பெனி தொறந்தாக. இப்ப காசு முடை, ஏற ஆளில்ல. பைலட் எல்லாருக்கும் ஒரே தாளு. பாதிச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடு, இல்லாட்டி வீட்டுல இரு."

"நீங்க போடலையா?"

"குண்டுக்கு நடுவுல ஓட்டுனவன் நான். பாதி வெலைக்குப் போறதுக்கு என்ன சொத்தைக் கத்திரிக்காயா?" சட்டைப் பையிலிருந்து நனைந்த கடிதம் ஒன்றை எடுத்தான். "முடியாதுன்னு எழுதிட்டேன். இதக் காவல்காரருகிட்டக் குடுக்கத்தேன் வந்தேன். நாளைக்கு வாற ப்ளேன்ல போயிட்டா... அம்புட்டுத்தான். இனிமே ஏற மாட்டேன்."

அவளுக்குள் ஏதோ அறுந்தது. இனிமேல் அந்த வட்டம் இல்லையா...?

"கையெழுத்துப் போட்டா ஓட்டலாமா?"

"ஓட்டலாம். ஊருக்குள்ள பாதிச் சம்பளக்காரன்னு சிரிப்பானுக."

"மேல இருந்து பாத்தா ஊரு எம்புட்டுத் தெரியும்?"

"ஒரு நெல்லு அம்புட்டு."

"அந்த நெல்லு சிரிக்கும்னா பயப்படுறீக?"

அவள் மூட்டையிலிருந்து ஒரு மிளகாயை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"போன வருசம் வித்த வெலையில பாதிதான் இந்த வருசம். வெல பாதியாப் போச்சுன்னு இதுல காரம் பாதியாவா போச்சு? நான் சொல்ல வேணாம்... உங்க கண்ணையே கேளுங்க!"

அழகுமலை திரும்பிப் பார்த்தார். நல்லகாமனின் கண்களில் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. அதில் காரம் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அவன் கடிதத்தைப் பிழிந்தான். உருட்டினான். மழைக்குள் எறிந்தான்.

மறுநாள் வந்த விமானத்தில் அவன் பட்டணம் போனான்.

அதற்கடுத்த புதன், மாயக்காள் அம்மாவின் வெள்ளைச் சேலையைக் கரிசல் மண்ணில் விரித்து, அதன்மேல் மிளகாயைப் பரப்பினாள். எதற்கு இந்த வெள்ளை என்று அம்மா கேட்டதற்கு, "மண்ணு ஒட்டாதும்மா" என்று சொல்லிவிட்டாள்.

இரைச்சல் கேட்டது. நேரே இறங்குமோ...?

விமானம் சாய்ந்தது. ஒரு வட்டம்... இன்னொன்று!

வேலியருகே அவன் வந்து நின்றபோது அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "வழி சுத்தமாத்தான கெடந்துச்சு... எதுக்குச் சுத்துனீக?"

"மொத நாளத் தவிர என்னைக்குமே சுத்தமாத்தான் கெடந்துச்சு."

அவள் நிமிர்ந்தாள்.

"திருச்சியத் தாண்டுனா கீழ அம்புட்டும் ஒரே காஞ்ச நெறம், மாயக்கா. மத்தவுக கோபுரத்தத் தேடுவாக. நான் ஒரு செவப்பத் தேடுவேன். இம்புட்டுப் பெரிய பூமியில, வெரல் நுனியில வச்ச பொட்டு மாதிரி... அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு தலை அண்ணாந்து பாக்கும். அதைப் பாத்தாத்தேன் எனக்கு ஊரு வந்துச்சுன்னு தெரியும். மேல அம்புட்டு இருக்கு... ஆனா எறங்குறதுக்கு எனக்கு இந்த ஒரு எடந்தான் இருக்கு."

ஆகாயத்தைப் பார்த்து அவள் மலைத்திருந்த அத்தனை நாளும், ஆகாயம் அவளைப் பார்த்து மலைத்துக்கொண்டிருந்ததா...?

பின்னால் துணை பைலட் எஞ்சினை முடுக்கினான். நல்லகாமன் பின்னுக்கு நடந்துகொண்டே கத்தினான். "உங்க வீட்டுல பாதிச் சம்பளக்காரனுக்குப் பொண்ணு குடுப்பாகளா?"

அவள் ஏதோ சொன்னாள். இரைச்சலில் கேட்கவில்லை. அவன் காதில் கை வைத்துக் காட்டினான். எப்போதும் மெல்லப் பேசுகிற மாயக்காள் வேலியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"பாதிச் சம்பளம்னா பாதிப் பொண்ணாவா குடுப்பாக? முழுசாத்தேன் குடுப்பாக... மச்சான்!"

அவன் ஓடிப்போய் ஏறினான். காற்றில் மிளகாய்கள் எழும்பி அவளைச் சுற்றிப் பறந்தன. அவள் ஒன்றையும் அள்ளவில்லை. அண்ணாந்தபடியே நின்றாள். மேலே ஏறிய விமானம் வடக்கே திரும்பாமல், அவள் தலைக்கு மேல் மெல்லச் சாய்ந்தது.