தள்ளிவைத்த வேலைகள்

அப்பாவின் நகங்கள் வெட்டப்பட்டிருந்தன.

வேலை முடிந்து வந்து, நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு, வழக்கம்போல அவர் கையைப் பிடித்துப் பார்த்தபோதுதான் அது அவள் கண்ணில் பட்டது. பத்து விரல்களிலும் ஒட்ட வெட்டி, ஓரங்களைச் சொரசொரப்பு இல்லாமல் தேய்த்து விட்டிருந்தது. வெட்டிய துணுக்குகள் ஒரு காகிதத்தில் நான்காக மடிக்கப்பட்டு, சக்கர நாற்காலிக்குப் பக்கத்து மேசையில் இருந்தன. அப்படி நான்காக மடிப்பது அவளுடைய பழக்கம்.

"யாருப்பா நகம் வெட்டிவிட்டது?"

"நீதான்."

"நான் இப்பத்தானேப்பா உள்ள வர்றேன்."

"மூணு மணிக்கு வந்தியே பாப்பா. வெட்டும்போது ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தே." சொல்லிவிட்டு, விரல்களை விரித்து வெளிச்சத்தில் காட்டினார், பெருமையாக.

பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு நாளும் நேரமும் குழம்பும். கீழ் வீட்டுத் தையல்கார அக்காவிடம் ஒரு சாவி இருக்கிறது. அவள்தான் மேலே வந்து வெட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து டிஜிட்டல் டைரியை எடுத்து, மறுநாள் வேலைகளைப் பார்க்கத் திறந்தாள்.

காது கேளாதவர்களுக்குக் காது மெஷின் பொருத்துவது அவள் வேலை. காலையில் கடையில் பரிசோதனை, மதியத்துக்கு மேல் வயதானவர்களின் வீடு வீடாகப் போய்ச் சரிபார்ப்பது. இடையில் அப்பாவின் மருந்து, சாப்பாடு, உடம்பு துடைப்பது, துணி. தலைக்குள் எதுவும் நிற்காமல் போனபோது வாங்கியது இந்த உள்ளங்கை அகலக் கருவி. குச்சியால் தொட்டு எழுதினால் நேரத்துக்கு நேரம் கூப்பிடும். முடித்ததைத் தொட்டால் பக்கத்தில் ஒரு டிக் விழும். முடிக்க முடியாததற்கு 'தள்ளிவை' என்று ஒரு பொத்தான். தொட்டால் அதே வேலை நாளைய பக்கத்துக்குப் போய்விடும். அவள் அதிகம் தொட்டது அந்தப் பொத்தானைத்தான். 'அப்பா நகம்' நான்கு நாளாகத் தள்ளிக்கொண்டே வந்தது.

இப்போது அதற்குப் பக்கத்தில் டிக் இருந்தது. மூன்று பத்துக்கு முடிந்ததாக.

மூன்று பத்துக்கு டைரி அவள் பைக்குள் இருந்தது. அவள் ஊரின் மறுகோடியில், ஓய்வு பெற்ற கடிகாரக்காரரின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே போய்க் கேட்டாள். தையல்கார அக்கா மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நான் எங்க மேல வந்தேன்? நீதான் சீக்கிரம் வந்துட்டேன்னு நெனச்சேன். உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

அன்றே சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து டைரியில் அவள் எழுதாத வரி ஒன்று இருந்தது. '11.30 அப்பா மெ. பேட்டரி.' மெஷினுக்கு 'மெ.' என்று சுருக்கி எழுதுவது அவள் மட்டும்தான். அன்று பதினொன்றரைக்கு அவள் கடையின் பரிசோதனை அறையில் இருந்தாள். நான்கு பக்கமும் பஞ்சு ஒட்டிய, வெளியே இருந்து சத்தம் ஒரு துளியும் நுழையாத அறை அது. பாட்டி ஒருவருக்கு ஒலி வைத்துக்கொண்டிருந்தவள், பைக்குள் டைரி கூப்பிடுவதைக் கேட்டாள். சரியாக ஒரு நிமிடம் கழித்து, யாரும் தொடாமலே, அது நின்றது.

வீட்டுக்குப் போய் அப்பாவின் காதிலிருந்து மெஷினைக் கழற்றிப் பார்த்தாள். புது பேட்டரி. அதன் ஸ்டிக்கரின் பசை இன்னும் விரலில் ஒட்டியது.

டைரியின் ரகசிய எண்ணை மாற்றினாள். கதவுப் பூட்டையும் மாற்றினாள். அப்படியும் வரிகள் வந்தன. தலையணை உறை, செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது, ஜன்னல் கீலுக்கு எண்ணெய். எல்லாம் அவள் எப்போதோ எழுதித் தள்ளி, தள்ளி, பிறகு வெட்கப்பட்டு அழித்துவிட்ட வேலைகள். ஒவ்வொன்றும் முடிந்திருந்தது. அப்பாவின் முகத்தில் சதை பிடித்தது. "இப்பல்லாம் நீ எரிஞ்சு விழறதே இல்ல" என்றார் ஒருநாள் ராத்திரி, அவள் கையைத் தட்டிக்கொடுத்தபடி. அவள் கையை உருவிக்கொண்டாள்.

வியாழக்கிழமை '2.00 அப்பாவுக்குப் பேப்பர்' என்றிருந்தது. இரண்டு மணிக்குக் கடையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தாள். அப்பாவால் எழுந்து எடுக்க முடியாது. மணி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது மட்டும் போதும் அவளுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது மணியில் எடுத்தார்கள். பின்னால் அப்பா சிரிக்கும் சத்தம். காகிதம் மடிபடும் சத்தம்.

"ஹலோ, சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல்.

தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் பலருக்கு அடையாளம் தெரியாது. அவளுக்குத் தெரியும். காது பரிசோதனைக்கான சொற்பட்டியலைப் பதிவு செய்தது அவள்தான். வீடு, பால், மணல், கதவு. தினமும் முப்பது முறை அந்தக் குரலைக் கேட்கிறாள்.

அதே குரல். ஆனால் களைப்பில்லாமல்.

மறுநாள் விடுப்பு எடுத்து வீட்டிலேயே உட்கார்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் அறைக்கு அறை நடந்தாள், அலமாரிகளைத் திறந்து மூடினாள், அப்பாவிடம் இரண்டு முறை கத்தினாள். சாயங்காலம் அவர் வாசலையே பார்த்தபடி, "பாப்பா எப்ப வருவா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை போகாமல் தீராது. வெளியிலிருந்து பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். மதியத்துக்கு மேல் கடிகாரக்காரர் வீட்டுக்குப் போனபோது அவர் ஆச்சரியமாகக் கதவைத் திறந்தார்.

"என்னம்மா, காலையில நீதானே போன் பண்ணி இனிமே வரமாட்டேன்னு சொன்ன? அப்பாகூடவே இருக்கப் போறேன்னு? நல்ல முடிவும்மா."

படியிலேயே நின்று டைரியைத் திறந்தாள். அன்றைய பக்கத்தில் அவள் வாடிக்கையாளர்கள் ஒருவர்கூட இல்லை. அடுத்த வாரம் வெறுமை. அடுத்த மாதமும். மொத்த டைரியிலும் ஒரே ஒரு வரி.

'5.15 அப்பாவைக் குளிப்பாட்டணும்.'

மணி நாலு நாற்பது.

தையல்கார அக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டே ஓடினாள். "அக்கா, உடனே மேல போய்க் கதவத் தட்டுங்க. அப்பா தனியா இருக்கார்."

"என்ன விளையாட்டு இது? இப்பத்தான் நீ படியேறிப் போன. கையில புதுத் துண்டு, சோப்பு. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கல." பின்னால் மிஷின் ஓடியது. "மேலருந்துதான் பேசுறியா?"

பஸ்ஸில் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்து நின்றாள். பதினோரு வாரமாக அந்த வேலையைத் தள்ளிவைத்திருந்தாள். ஈரத்துணியால் துடைத்துவிட்டாலே போதும் என்று கடையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். உண்மைக் காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை, டைரியிலும் எழுதியதில்லை. கடைசியாகக் குளிப்பாட்டிய அன்று தொட்டிக்குள் அவர் வழுக்கினார். தலை தண்ணீருக்குள் போனது. உடனே பிடித்திருக்கலாம். கை பக்கத்தில்தான் இருந்தது. மூன்று ராத்திரி தூங்காத உடம்பு. ஒரு மூச்சு நேரம் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் தூக்கினாள்.

ஒரே ஒரு மூச்சு.

ஐந்து பத்துக்குத் தெரு. தையல்கார அக்கா அவளைப் பார்த்ததும் வாயில் ஊசியோடு எழுந்தாள். பிறகு மாடியைப் பார்த்தாள். நின்று விளக்க இவளுக்கு நேரமில்லை. படிகள். சாவி. பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

"அப்பா!"

குழாயில் தண்ணீர் விழும் சத்தம். சோப்பு வாசனை. மண்டியிட்டு, கதவின் அடியில் கடிதம் போடும் இடுக்கின் மூடியைத் தூக்கினாள். கூடம் தெரிந்தது. சக்கர நாற்காலி, தோளில் புதுத் துண்டு போர்த்திய அப்பா, அவருக்குப் பின்னால் நிற்கும் இரண்டு கால்கள், அவளுடைய பச்சைச் சேலையின் ஓரம்.

"யாரோ கதவத் தட்டுறாங்க பாப்பா" என்றார் அப்பா.

"யாரும் இல்லப்பா."

"என் கொழந்த குரல் மாதிரி இருக்கு."

"நான் இங்கதானேப்பா இருக்கேன்."

இரண்டு கைகள் இறங்கின. அவருடைய வலது காதிலிருந்து மெஷினை மெதுவாகக் கழற்றின. பிறகு இடது காது. அவள் கத்தினாள். கதவை அடித்தாள். அப்பாவின் முகம் அமைதியானது; ஒன்றும் கேட்காதவரின் சிரிப்போடு மேலே அண்ணாந்து பார்த்தார்.

செருப்புச் சத்தம் கதவை நோக்கி வந்தது. நின்றது. உள்ளே யாரோ மண்டியிட்டார்கள். இடுக்கு இருண்டது. அதில் அவள் முகம். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லாத, நன்றாகத் தூங்கி எழுந்த முகம். அது அவளை அன்பாகப் பார்த்தது. உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தது.

மூடி விழுந்தது. உள்ளிருந்து எதையோ முட்டுக் கொடுத்து அடைத்தார்கள்.

சக்கரங்கள் உருண்டன. குளியலறை வரை. குழாய் நின்றது. கனமான ஒன்று தண்ணீருக்குள் இறங்கும் சத்தம். பிறகு முணுமுணுக்கும் பாட்டு.

கீழேயிருந்து தையல்கார அக்கா கூப்பிட்டுக்கொண்டே படியேறி வந்தாள். இவள் கதவில் காதை வைத்து, மண்டியிட்டபடியே இருந்தாள். பாட்டு தொடர்ந்தது. கதவுக்கு அடியிலிருந்து சோப்பு நுரையோடு தண்ணீர் வந்து, அவள் முழங்கால்களை நனைத்தது. இதமான சூட்டில்.