பின்சீட்டுப் பாரம்

காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. புக்கிட் பெலிம்பிங்கில், சாலையை விட்டு உள்ளே தள்ளி, செம்பனை மரங்களுக்கு நடுவே நின்ற பலகை வீட்டின் முன் ரெய்மண்ட் தன் பழைய வேனை நிறுத்தினான். ஆலையில் இரவுக் காவல் முடித்துவிட்டு நேராக வந்திருந்தான். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருந்தது.

"சுகுமாரன் அண்ணே! நான்தான் ரெய்மண்ட். மோட்டார் பாக்க வரேன்னு சொல்லியிருந்தேனே."

உள்ளேயிருந்து வந்தவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார். அங்கே ஒரு தகரக் கொட்டகை. அதற்குள், உரச் சாக்குகளுக்கு அடியில், ஒரு கப்சாய் நின்றது. ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு லயம் நின்றிருந்த சின்ன மோட்டார் சைக்கிள். நீலப் பெயின்ட் வெளுத்திருந்தது. எஞ்சினில் பாசி படர்ந்திருந்தது. ஆனால் ஒரு சாமான்கூடக் கழன்று போகவில்லை. இப்படி முழு உடம்போடு ஒன்று கிடைப்பது லேசில் நடக்காது.

"என்னா வெல சொல்றீங்க அண்ணே?"

"வெலயெல்லாம் வேணாம் தம்பி. எடுத்துட்டுப் போ."

இருவரும் சேர்ந்துதான் அதை வேனில் ஏற்றினார்கள். சுகுமாரன் முன்பக்கத்தை மட்டும் பிடித்தார். பின்பக்கம் முழுவதும் ரெய்மண்ட் தலையில் விழுந்தது. அந்தச் சின்ன வண்டிக்கு இத்தனை பாரம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. தூக்கமில்லாத உடம்பு, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டான்.

ரெய்மண்டுக்கு நாற்பத்தேழு வயது. பதினோரு வருடமாக இரவு வேலை. காலையில் வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராது. படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் பழைய மோட்டார்களைக் கொண்டுவந்து பிரித்துப் போடுவான். கழுவி, துரு தேய்த்து, மறுபடி பூட்டுவான். கை களைத்தால்தான் அவனுக்குக் கண் மூடும். மகள் ஃபியோனா ஜொகூரில் படிக்கப் போன பிறகு வீட்டில் அவனும் மவுரீனும் மட்டும்தான். மவுரீன் பாலர் பள்ளியில் ஆயா வேலை பார்த்துவிட்டு ஒரு மணிக்கு வருவாள். அவள் வரும்போது அவன் கிரீஸ் கையோடு வாசல் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பான்.

இந்த முறை மூன்று வாரம் ஆனது. கார்பரேட்டருக்குள் எறும்புக் கூடு. டேங்க் முழுக்கத் துரு. சங்கிலி ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தது. எல்லாவற்றையும் சரி செய்து, ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கிக்கரை மிதித்தான். நாலாவது மிதியில் எஞ்சின் இருமியது. ஐந்தாவதில் உயிர் வந்தது.

ரெய்மண்ட் சிரித்துக்கொண்டே வண்டியை ஸ்டாண்டிலிருந்து கீழே இறக்கினான்.

பின்பக்கம் தாழ்ந்தது.

சட்டென்று இல்லை. முதலில் இடது பக்கமாக லேசாகச் சாய்ந்து, பிறகு மெதுவாக அமுங்கியது. சேலை கட்டியவள் ஒருக்களித்து ஏறி, பார்த்துப் பார்த்து உட்காருவதுபோல.

அவன் திரும்பிப் பார்த்தான். பின்சீட்டில் வெயில் மட்டும்தான் இருந்தது.

பழைய ஸ்பிரிங், அவ்வளவுதான். மறுநாள் கோலா சிலாங்கூர் கடையில் புதிய ஷாக் அப்சார்பர் இரண்டு வாங்கி மாட்டினான். கையால் அழுத்திப் பார்த்தான். கல்லுபோல் நின்றது. எஞ்சினை எழுப்பி ஸ்டாண்டை எடுத்தான். இடது பக்கம் சாய்ந்தது. அமுங்கியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் பின்சீட்டு நனைந்திருந்தது. கூரை ஒழுகவில்லை. பூனையும் இல்லை. முகர்ந்து பார்த்தான். தண்ணீர் வாடை இல்லை அது. வெதுவெதுப்பான ஏதோ ஒன்று. அதோடு புளித்த ரப்பர் பாலின் வாடை. பால்மரம் வெட்டியவர்களின் உடுப்பில் ஊறிப்போயிருக்குமே, அந்த வாடை.

மூச்சுச் சத்தத்தை முதலில் கேட்டது மவுரீன்தான். அடுத்த வாரச் சனிக்கிழமை முற்பகல். அவனுக்குக் காப்பி கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க… வண்டிய ஆஃப் பண்ணுங்க."

"ஆஃப்லதான் இருக்கு."

இருவரும் அசையாமல் நின்றார்கள். சத்தம் பின்சீட்டின் பக்கமிருந்து வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கும் மூச்சு. நீளமாக இழுத்து, அடக்கி, துண்டு துண்டாக விட்டது. பிறகு அடங்கிவிட்டது. எதிர்வீட்டில் யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மவுரீன் உள்ளே போகவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றாள். காப்பி ஆறிப்போனது. மறுபடியும் அந்த மூச்சு வந்தது.

"பத்து நிமிசம்," என்றாள்.  "நான் புள்ள பெத்தவ. எனக்குத் தெரியும். இது பிரசவ வலி."

அடுத்த சில நாள்களில் அவர்கள் வேறு எதையும் பேசவில்லை. திங்கள்கிழமை எட்டு நிமிடம். புதன்கிழமை ஐந்து. மவுரீன் ஜெபமாலையைக் கையிலேயே வைத்திருந்தாள். ரெய்மண்ட் பகலில் ஒரு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. ஆலை வாசலில் நின்றபடியே கண் அசந்து, உள்ளே வந்த லோரி அவன் முழங்காலை உரசிக்கொண்டு போனது. மேலாளர் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்றார். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. பயப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். அதுவும் தீர்ந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று நிமிடம்.

"மூணு நிமிசம்னா இன்னிக்குத்தாங்க," என்றாள் மவுரீன். "நீங்க போயி அந்த மனுசன்கிட்டக் கேளுங்க. யாரு இந்தப் பொண்ணுன்னு கேளுங்க."

சுகுமாரன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரெய்மண்ட் வேனை விட்டு இறங்கியதுமே அவர் முகத்தில் ஏதோ அடங்கிப்போனது.

"ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுது அண்ணே. பின்னால ஒரு பொம்பள உக்காந்திருக்கு. வலியோட."

அவர் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"பிரேமலா," என்றார். "என் சம்சாரம். தலப்புள்ள. வெட்டுக்குப் போன எடத்துல தண்ணி ஒடஞ்சிருச்சு. தோட்டத்து லோரி அன்னிக்கு இல்ல. வேல வாங்குற மண்டோர் சொன்னாரு, நீயே ஏத்திட்டுப் போன்னு. ஏத்துனேன். வழி பூரா கத்திக்கிட்டே வந்தா. நான் திரும்பியே பாக்கல. சீக்கிரம் போவணும், அவ்வளவுதான் மனசுல."

"அப்புறம்?"

"பாரிட் ஓரமா ஒரு வளைவு இருக்குல்ல. அங்க சத்தம் நின்னுச்சு. வலி கொறஞ்சிருச்சுன்னு நெனச்சேன் தம்பி. நல்லதாப் போச்சுன்னு இன்னும் வேகமாப் போனேன். ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தி, எறங்கு பிரேமான்னு சொன்னேன். பின்னால யாருமில்ல."

  அந்தப் பாரிட் கால்வாயில் இன்றைக்கும் இடுப்பளவு கறுப்புத் தண்ணீர் ஓடுகிறது.

"கப்சாய்க்குக் கிளட்ச் கெடையாது," என்றார் கடைசியாக. "எடது கை சும்மாதான் இருந்துச்சு. பின்னால நீட்டி அவளப் புடிச்சிருக்கலாம்."

"வாங்க அண்ணே. நீங்களே கூட்டிட்டுப் போங்க."

அவர் தலையை ஆட்டினார். முடியாது என்று. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரெய்மண்ட் வீட்டுக்குத் திரும்பியபோது மணி மூன்று. மவுரீன் வாசலிலேயே நின்றாள். மூச்சு இப்போது அடங்கவே இல்லை. ஒன்று முடியுமுன் இன்னொன்று வந்தது. நடுநடுவே பல்லுக்குள் அரைபடும் முனகல். அவன் நடந்ததைச் சொன்னான். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு பின்சீட்டைப் பார்த்து, பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசும் குரலில், "போயிட்டு வாம்மா," என்றாள்.

அவன் ஏறி உட்கார்ந்து கிக்கரை மிதித்தான். ஒரே மிதி.

பின்பக்கம் தாழ்ந்தது.

வீடுகளைத் தாண்டினான். கடைகளைத் தாண்டினான். வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. எதிரே வந்த பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் கை காட்டினார்கள். அவனுக்கா, அவன் பின்னால் இருந்தவளுக்கா, தெரியவில்லை. செம்பனை மரங்கள் இருபக்கமும் சாலையை மூடிக்கொள்ள, வெளிச்சம் குறைந்தது.

பாரிட் வந்தது.

பின்னால் முனகல் உயர்ந்தது. பாரம் இடது பக்கமாகச் சரியத் தொடங்கியது.

ஹேண்டில் ஆடியது.

ரெய்மண்ட் இடது கையை எடுத்தான். பார்க்காமல் பின்னால் நீட்டினான்.

காற்று. வெறும் காற்று.

பிறகு ஒரு மணிக்கட்டு.

குளிர்ந்து, ஈரமாக, சேறு வழுக்க இருந்தது. கண்ணாடி வளையல்கள் அவன் விரலுக்கடியில் நெரிந்தன. அவன் பிடித்துக்கொண்டான். ஒரு கையால் வளைவைத் திரும்பினான். தோளில் ஐந்து நகங்கள் இறங்கின. காதுக்குப் பக்கத்தில் குரல் வந்தது.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"தோ, வந்துருச்சும்மா," என்றான்.  "கெட்டியாப் புடிச்சுக்க."

ஆஸ்பத்திரி வாசல்வரை அவன் கையை விடவில்லை. அவசரப் பிரிவின் முன்னால் நிறுத்தினான். பின்பக்கம் ஒருமுறை ஆடியது. ஸ்பிரிங் விரிந்து, வண்டி மேலே எழும்பியது. உள்ளே போகும் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து, யாரோ மெதுவாக நடந்து போகும் நேரம்வரை திறந்தே நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

வெளியே இருந்த பெஞ்சில் ரெய்மண்ட் உட்கார்ந்தான். உட்கார்ந்ததுதான் தெரியும். யாரோ ஒரு தாதி தட்டி எழுப்பியபோது மணி ஆறு. பல வாரங்களுக்குப் பிறகு அப்போதுதான் அசந்து தூங்கியிருந்தான். அவன் இடது உள்ளங்கையில் சின்னச் சின்ன வெட்டுகள், வளையல் கீறியதுபோல.

சனியும் ஞாயிறும் விடுமுறை. இரண்டு நாளும் தூங்கினான். மவுரீன் சமைத்து எழுப்புவாள், சாப்பிட்டுவிட்டு மறுபடி படுப்பான். சீட்டு காய்ந்திருந்தது. வாசலில் மூச்சில்லை. சுகுமாரனுக்குப் போன் செய்து, கொண்டுபோய் விட்டுவிட்டேன் என்றான். அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது.

திங்கள்கிழமை மாலைச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வரும்படி மவுரீன் சொன்னாள். ரெய்மண்ட் கப்சாயில் போனான். வண்டி லேசாக ஓடியது. இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு நல்ல வண்டிதான் கிடைத்திருக்கிறது என்று தோன்றியது. திரும்பும்போது ஆஸ்பத்திரி வழியாக வந்தான்.

வாசலுக்கு நேராக எஞ்சின் நின்றது.

பெட்ரோல் இருந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினான். மிதித்தான். மறுபடி மிதித்தான். வேர்வை கண்ணில் இறங்கியது. வண்டியின் மேல் குனிந்து நின்றுகொண்டு, சோர்வில் நெற்றியை ஹேண்டிலில் வைத்தான்.

பின்பக்கம் தாழ்ந்தது.

முன்பைவிட மெதுவாக. முன்பைவிட ஜாக்கிரதையாக.

ரெய்மண்ட் தலையைத் தூக்கவில்லை. "வேணாம்மா," என்று முணுமுணுத்தான். "எனக்கு முடியல."

 அவன் நிமிர்ந்து சீட்டில் நேராக உட்கார்ந்தான். அப்போது அவன் முதுகில் ஒன்று பட்டது. சின்னது. ஒரு தேங்காய் அளவு இருக்கும். வெதுவெதுவென்று இருந்தது. அது அசைந்து, சட்டைக்கு மேலே முகத்தைத் தேய்த்து, எதையோ தேடியது.

கிக்கரை மிதித்தான். ஒரே மிதியில் எஞ்சின் எழுந்தது. எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே வழி தன் வீட்டு வழிதான். வழி முழுவதும் மெதுவாகவே ஓட்டினான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக் பிடித்தான்.

மவுரீன் வாசலுக்கு வந்தாள். அவன் முதுகைப் பார்த்தாள். சட்டையில் வட்டமாக ஒரு ஈரம். விரலால் தொட்டு முகர்ந்தாள். பால் வாடை. மீன் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கு அவன் வேலைக்குப் போனான். மறுநாள் காலை ஏழரைக்கு வீடு திரும்பினான். வெளிக்கதவைத் திறக்கும்போதே பார்த்தான். மவுரீன் பள்ளிக்குப் போகாமல் கலைந்த தலையோடு மோட்டாருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவள் கை பின்சீட்டின் மேல் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"மவுரீன்," என்றான்.

அவள் திரும்பாமல் உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க. இப்பதான் தூங்குச்சு."